டூ ஹ்யூமன் கேமில் சண்டை ஏன் கைக்கு வராமல் போகிறது?

நீங்கள் கேட்டது இதுதான்: எக்ஸ்பாக்ஸில் இலவசமாக வந்தபோது டூ ஹ்யூமனை எடுத்து வைத்திருந்தீர்கள், இப்போதுதான் ஆடத் தொடங்கியிருக்கிறீர்கள். நார்ஸ் (பழைய வட ஐரோப்பியப் புராண) கடவுள்கள், குவியும் கவசங்கள் எல்லாம் பார்க்க நன்றாக இருக்கின்றன, ஆனால் சண்டை தொடங்கிவிட்டால் கை ஒன்று சொல்கிறது, நாயகன் பால்டர் வேறொன்று செய்கிறான். இது பழக்கம் போதாததாலா, கேமிலேயே கோளாறா? கன்ட்ரோலரின் வலது ஸ்டிக்கைத் தள்ளி அடிக்கும் யோசனையே தப்பா? இதை முடிக்கும்வரை ஆடலாமா?

கோளாறு கேமில்தான் இருக்கிறது. பழகப் பழகக் கொஞ்சம் குறையும், முழுக்கத் தீராது. ஆனால் இந்தக் கேமைத் திட்டுகிறவர்கள் பெரும்பாலும் வலது ஸ்டிக்கைத்தான் திட்டுகிறார்கள், அதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது நல்ல யோசனை. அந்த யோசனைக்கு இடம் பண்ணுவதற்காகக் கேமராவை ஆடுபவர் கையிலிருந்து பிடுங்கினார்கள், பிடுங்கியதற்கு ஈடாக எதையும் தரவில்லை. கெட்டது அங்கேதான். குறி வைப்பது, சாவு, லெவல் ஏறுவது என்று மற்ற எல்லாமே அந்த ஒரு முடிவின் சுமையைத்தான் தாங்குகின்றன.

முதலில் அவர்கள் என்ன செய்யப் பார்த்தார்கள் என்பதிலிருந்து வருகிறேன். எதிரிக் கூட்டத்தை வெட்டிப் பொருள் சேர்க்கும் கணினி கேமான டியாப்லோ 1996-இல் வந்தது, 2000-இல் அதன் இரண்டாம் பாகம். அந்த வகை கேமின் உயிர் மவுஸில் இருக்கிறது. இருபது எதிரிகள் மொய்த்துக்கொண்டு நின்றாலும், பின்வரிசையில் நின்று செத்தவர்களை எழுப்பிக்கொண்டிருக்கும் அந்த ஒரு மந்திரவாதியின் மேல் அம்புக்குறியை வைத்து அழுத்தினால் அடி அவனுக்குத்தான் போகும். யாரை அடிப்பது என்பதும் அடிப்பது என்பதும் ஒரே விரலசைவில் முடிந்துவிடும். கன்சோலில் அம்புக்குறி கிடையாது. அதனால் 2001-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த பால்டர்ஸ் கேட்: டார்க் அலையன்ஸ் மாதிரி கேம்கள் இடது ஸ்டிக்கால் நடந்து, எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறோமோ அந்தப் பக்கம் பட்டனால் அடிக்கும் முறையை எடுத்துக்கொண்டன. அது ஒழுங்காக வேலை செய்தது. ஆனால் முதுகுப்பக்கம் இருப்பவனை அடிக்க முதலில் திரும்ப வேண்டும், அந்த அளவுக்கு அது மவுஸை விட மெதுவானது.

டூ ஹ்யூமனைச் செய்த சிலிக்கான் நைட்ஸ் இந்த இடைவெளியைத்தான் அடைக்கப் பார்த்தது. வலது ஸ்டிக்கை எதிரி இருக்கும் திசையில் தள்ளு, பால்டர் தரையில் வழுக்கிக்கொண்டு போய் அவனை வெட்டுவான், அடுத்தவன் இருக்கும் திசையில் தள்ளு, அங்கே வழுக்கிப் போவான். இரண்டு முறை சுண்டினால் எதிரி மேலே எகிறுவான், நீயும் எகிறி அந்தரத்தில் அடிக்கலாம். காகிதத்தில் படித்தால் மவுஸுக்கு இதைவிடச் சரியான மாற்று கிடையாது. திசையும் அடியும் மறுபடி ஒரே விரலசைவில் வந்துவிடுகின்றன. திறந்த இடத்தில், கோப்ளின் என்ற குட்டி எதிரிகளின் சின்னக் கூட்டத்தின் நடுவே, கேமரா தற்செயலாக நல்ல உயரத்தில் நிற்கும்போது இது எப்படி இருக்கும் தெரியுமா, ஒருவனிலிருந்து அடுத்தவன், அவனிலிருந்து அடுத்தவன் என்று சறுக்கிக்கொண்டே போகும் அந்தச் சில நொடிகள் உண்மையிலேயே இன்பமாக இருக்கும். அந்த நொடிகளை ஒருமுறை ருசித்துவிட்டதால்தான் நீங்களும் விட மனமில்லாமல் கேள்வி கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

சரி, அந்த இன்பம் ஏன் நிலைக்கவில்லை? இந்த வகை கன்ட்ரோலரில் வழக்கமாக வலது ஸ்டிக்கின் வேலை கேமராவைத் திருப்புவது. அதை அடிப்பதற்குக் கொடுத்துவிட்டால் கேமராவை யார் திருப்புவது? டூ ஹ்யூமன் சொன்ன பதில், கேம் தானாகத் திருப்பிக்கொள்ளும் என்பது. கேமராவைப் பால்டரின் முதுகுக்குப் பின்னால் நேராக்க ஒரு பட்டன் உண்டு, சில கோணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளவும் முடியும், அவ்வளவுதான். மற்றபடி சினிமா மாதிரி அழகாகக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் அது தானே தாழும், தானே உயரும், தானே பக்கவாட்டில் சுற்றும்.

நீங்கள் அனுபவிக்கும் எரிச்சலின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஸ்டிக்கின் திசை திரையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நீங்கள் மேலே தள்ளினால் திரையில் மேலே இருப்பவனை அடி என்று அர்த்தம். பாதி அடியில் கேமரா ஒரு சுற்றுச் சுற்றினால், ஒரு கணம் முன்பு மேலே இருந்தவன் இப்போது இடது பக்கம் போயிருப்பான். உங்கள் கட்டைவிரல் இன்னும் மேலேதான் தள்ளிக்கொண்டிருக்கும். பால்டர் காலி இடத்தைப் பார்த்து வழுக்கிப் போய்க் காற்றை வெட்டுவான். தப்பு உங்கள் விரலில் இல்லை, விரல் முடிவெடுத்த பிறகு படம் மாறிவிட்டது. இதை எத்தனை மாதம் ஆடினாலும் திறமையால் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் கேமரா எப்போது திரும்பும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இல்லை. ஒரு கேம் கடினமாக இருப்பதற்கும் நியாயமில்லாமல் இருப்பதற்கும் வித்தியாசம் இதுதான். கடினமான கேமில் தோற்றால் எதைச் சரியாகச் செய்திருக்கலாம் என்று தெரியும்.

இரண்டு ஸ்டிக்கால் ஆடும் கேம்கள் புதிதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1982-இல் ஆர்கேடில் வந்த ரோபோட்ரான்: 2084 ஒரு ஸ்டிக்கால் ஓடவும் இன்னொன்றால் சுடவும் வைத்தது. எக்ஸ்பாக்ஸ் 360 வெளியான 2005-இலேயே ஜியோமெட்ரி வார்ஸ் அதே முறையில் வந்து பலரை அடிமையாக்கியது. அவை இரண்டும் ஏன் கைக்கு அவ்வளவு இணக்கமாக இருந்தன? மொத்தக் களத்தையும் மேலிருந்து பார்க்கிறோம், திசைகள் கலைவதில்லை, யார் எங்கிருந்து வந்தாலும் கண்ணுக்குத் தெரியும். சண்டை கேம்களிலும் முயன்றிருக்கிறார்கள். 2004-இல் ஜெட் லீயை வைத்து வந்த ரைஸ் டு ஆனர் வலது ஸ்டிக் தள்ளும் திசையில் குத்து விட வைத்தது. அதே ஆண்டின் ஃபைட் நைட் 2004 குத்துச்சண்டையில் வலது ஸ்டிக்கின் அசைவையே குத்தாக்கியது, ஆனால் அங்கே எதிரி ஒரே ஒருவன், அவனைத் தேட வேண்டியதில்லை. 2005-இல் வந்த காட் ஆஃப் வார் வலது ஸ்டிக்கை உருண்டு தப்பிப்பதற்குக் கொடுத்தது. அங்கேயும் கேமரா ஆடுபவர் கையில் கிடையாது, ஆனால் ஒவ்வொரு அறைக்கும் கேமரா எங்கே நிற்க வேண்டும் என்று வடிவமைத்தவர்கள் உட்கார்ந்து தீர்மானித்திருந்தார்கள், சண்டை நடக்கும்போது அது பெரும்பாலும் அடங்கி நிற்கும். வலது ஸ்டிக்கைக் கேமராவிடமிருந்து எடுத்துக்கொண்ட நல்ல கேம் ஒவ்வொன்றும் அதற்கு ஏதோ ஒரு வகையில் ஈடு கட்டியிருக்கிறது. டூ ஹ்யூமன் கட்டவில்லை. பின்னாலிருந்து பார்க்கும் கேமராவையும் வைத்துக்கொண்டது, கூட்டம் கூட்டமாக எதிரிகளையும் விட்டது, அவர்களில் பாதிப் பேரைத் திரைக்கு வெளியேயும் நிறுத்தியது.

துப்பாக்கிக்கு வருவோம், இது இன்னும் மோசம். சுடுவது இரண்டு ட்ரிகரில். யாரைச் சுடுவது என்று தேர்ந்தெடுப்பது மறுபடியும் அதே வலது ஸ்டிக்கில். கேம் தானாக ஒருவனைக் குறிவைத்துக்கொள்ளும், அவனை விட்டு அடுத்தவனுக்கு மாற ஸ்டிக்கை அந்தப் பக்கம் தள்ள வேண்டும். உங்களுக்கு வேண்டியவன் தூரத்தில் உயரமான மேடையில் நின்று ஏவுகணை விட்டுக்கொண்டிருப்பான், குறி பக்கத்தில் ஓடிவரும் ஒன்றுக்கும் உதவாத கோப்ளின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் வேகமாகத் தள்ளினால் சுடுவதை விட்டுவிட்டுக் கத்தியோடு பாய்ந்துவிடுவான். ஒரே உறுப்புக்கு இரண்டு வேலை கொடுத்துவிட்டு, எந்த வேலையைக் கேட்கிறோம் என்பதை அது ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இதில் அவர்கள் சேர்த்த ஒரு வகை எதிரியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நெருப்பு, பனி, நஞ்சு என்று நிறம் பூசிய எதிரிகள் வருவார்கள். பக்கத்தில் போய் வெட்டினால் வெடித்து உங்களுக்கும் சேதம், உடம்பு உறைந்துபோவது, நஞ்சு ஏறுவது எல்லாம் கூடவே. தூரத்திலேயே சுட்டுத் தீர்க்க வேண்டும். யோசனையாகப் பார்த்தால் மிக நல்லது, சும்மா ஸ்டிக்கை ஆட்டிக்கொண்டே போகாமல் யாரை முதலில் கவனிப்பது என்று யோசிக்க வைக்கிறது. ஆனால் யாரைச் சுடுவது என்பதையே சரியாகச் சொல்ல முடியாத கேமில் இவனைத்தான் சுட வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் என்ன ஆகும்? அந்த நல்ல யோசனை குறி வைக்கும் முறையின் குறையை ஒவ்வொரு அறையிலும் வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது. கூட்டத்தில் ஒருவனை அடிக்க வழுக்கிப் போகும்போது நடுவில் இருந்த நஞ்சுக்காரன் மேல் கத்தி பட்டு, அவன் வெடித்து, அதில் சாவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

செத்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கேமைப் பற்றி எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கும் விஷயம். வானத்திலிருந்து வால்கிரி என்ற தேவதை ஒருத்தி மெதுவாக இறங்கி, பால்டரின் உடலைத் தூக்கிக்கொண்டு மெதுவாக வால்ஹல்லாவுக்கு, அதாவது வீரர்களின் சொர்க்கத்துக்கு ஏறுவாள். 20 விநாடிக்கு மேல் ஓடும் காட்சி, தாண்ட முடியாது. முதல் முறை பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் இது கையில் மருந்துக் குப்பி இல்லாத கேம். உயிர் ஏற வேண்டுமானால் எதிரி செத்து உருண்டை விழ வேண்டும், இல்லாவிட்டால் தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கும் வீரர் வகைகளில் (கிளாஸ்) பயோ இன்ஜினியராக இருக்க வேண்டும், அவன்தான் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்வான். அதனால் சாவு அடிக்கடி வரும். ட்ரோல் என்ற ராட்சத எதிரியோடு நடக்கும் ஒரு பெரிய சண்டையில் அடுத்தடுத்து சாகும்போது, உங்கள் தவறே இல்லாத சாவுக்கு ஒவ்வொரு முறையும் அந்த இறுதி ஊர்வலத்தை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை விமர்சனங்களில் குறைவாகத்தான் பேசினார்கள். நீங்கள் செத்துத் திரும்பும்போது எதிரிகள் வாங்கிய அடி அப்படியே இருக்கும், அவர்களுக்கு உயிர் மறுபடி நிரம்பாது. கவசம் கொஞ்சம் தேயும், தொடர்ந்து அடித்துச் சேர்த்து வைத்த காம்போ போய்விடும், அவ்வளவுதான் தண்டனை. அப்படியென்றால் எந்தச் சண்டையையும் திரும்பத் திரும்பச் செத்தே முடித்துவிடலாம். ஆடுபவர் சரியாகச் செய்தாரா இல்லையா என்பது பொருளிழந்து போகிறது, வால்கிரியின் நேரம் மட்டும்தான் உண்மையான தண்டனையாக மிஞ்சுகிறது. இப்படி ஒரு ஏற்பாட்டை யாரும் விரும்பித் திட்டமிட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. சண்டை நியாயமாக இல்லை என்று அவர்களுக்கே தெரிந்து, ஆடுபவர் முன்னேற முடியாமல் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று வைத்த ஒட்டு மாதிரித்தான் இருக்கிறது. இது என் ஊகம்.

இவ்வளவு தெளிவான குறைகள் எப்படி வெளியீடு வரைக்கும் தாங்கின என்று கேட்பது நியாயம். கேமின் வரலாறு நீளமானது. சிலிக்கான் நைட்ஸ் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செயின்ட் கேத்தரின்ஸ் என்ற ஊரில் இருந்த நிறுவனம், தலைமை டெனிஸ் டையாக். திறமை இல்லாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 1996-இன் பிளட் ஓமன்: லெகஸி ஆஃப் கெய்ன் அவர்களுடையது. 2002-இல் கேம்கியூபுக்கு அவர்கள் தந்த எடர்னல் டார்க்னெஸ், பாத்திரத்தின் மனம் பிறழும்போது ஆடுபவரின் திரையையே ஏமாற்றும் அந்தத் திகில் கேம், இன்றும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது. டூ ஹ்யூமன் முதலில் காட்டப்பட்டது 1999-இல், முதல் பிளேஸ்டேஷனுக்கு. அப்போது அது எதிர்காலத்தில் நடக்கும் ஒரு சைபோர்க் (பாதி மனிதன், பாதி இயந்திரம்) கதை. பிறகு நிறுவனம் நிண்டெண்டோவோடு கைகோத்ததும் கேம்கியூபுக்கு மாறியது, அங்கேயும் வெளிவரவில்லை. 2005-இல் மைக்ரோசாஃப்டோடு ஒப்பந்தம் ஆகி, எக்ஸ்பாக்ஸ் 360-க்கு, மூன்று பாகங்களின் முதல் பாகமாக அறிவிக்கப்பட்டது. கதையும் நார்ஸ் புராணத்துக்கு மாறியிருந்தது: கடவுள்கள் இயந்திர உறுப்பு பொருத்திய மனிதர்கள், ஓடின் ஒரு செயற்கை அறிவு, லோகி இயந்திரப் படைகளின் பக்கம்.

2006-இன் இ3 கண்காட்சியில் ஆடக் கொடுத்தார்கள். படம் திக்கித் திக்கி ஓடியது, கேமரா படுத்தியது, வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். இங்கே கவனியுங்கள், கேமராப் புகார் வெளியீட்டுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே பொதுவெளியில் வந்துவிட்டது. ஆனால் அடுத்து நடந்தது வேறு. கேம் கட்டுவதற்கான அடித்தள மென்பொருளான அன்ரியல் இன்ஜின் 3-ஐப் பயன்படுத்த எபிக் கேம்ஸிடமிருந்து நிறுவனம் உரிமம் வாங்கியிருந்தது. அது சரியாக வந்து சேரவில்லை, எபிக் தன் கியர்ஸ் ஆஃப் வாரில் கவனம் வைத்து எங்களைக் கைவிட்டது என்று சொல்லி 2007 ஜூலையில் சிலிக்கான் நைட்ஸ் வழக்குப் போட்டது. எபிக் எதிர்வழக்குப் போட்டது. கேமின் அடித்தளமே வழக்கில் இருக்கும்போது, நிறுவனத்தின் தெம்பு எங்கே போயிருக்கும்? கட்டைவிரலுக்கும் திரைக்கும் நடுவே நடப்பதைச் சரிபார்ப்பது பொறுமையாக, திரும்பத் திரும்ப, வெளியாளை உட்கார வைத்துப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. பத்து ஆண்டுகள் உருவாக்கத்தில் இருந்த கேம் என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் இந்தக் குறிப்பிட்ட சண்டை முறைக்கு அந்தப் பத்தில் எத்தனை கிடைத்திருக்கும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இரண்டு கன்சோலும் ஒரு முழுக் கதையும் நடுவே தூக்கி எறியப்பட்டிருக்கின்றன.

2008 ஜூலையில் டெமோ வந்தது, ஆகஸ்ட் 19-இல் கேம் வெளியானது. விமர்சனங்களைத் திரட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் சராசரி நூற்றுக்கு 65. படுதோல்வி என்று சொல்லும் எண் அல்ல. பிடித்தவர்களுக்கு ரொம்பப் பிடித்தது, பிடிக்காதவர்கள் வெறுத்தார்கள். ஸ்டிக்கைச் சுண்டாதீர்கள், சாய்த்துப் பிடியுங்கள், பழகினால் வரும் என்று ஆதரித்தவர்கள் சொன்னார்கள். அதில் உண்மை உண்டு, கீழே சொல்கிறேன். ஆனால் ஒரு முறையை ஆடுபவர் கற்றுக்கொள்ள வேண்டுமானால் அதைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு கேமுக்கு இருக்கிறது, முதல் ஒரு மணி நேரம் அந்த வேலையைச் செய்யவே இல்லை.

லூட், அதாவது எதிரிகளிடமிருந்து கிடைக்கும் பொருட்கள் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மனசு அங்கேதான் ஒட்டுகிறது. கவசங்கள் அபாரம். தலை, தோள், மார்பு, கை, கால் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பால்டரின் மேல் தெரியும், வண்ணம் மாற்றலாம், வலு கூட்டும் ரூன்களைப் பதிக்கலாம், செய்முறை வரைபடம் கிடைத்தால் காசு கொடுத்துச் செய்துகொள்ளலாம். அந்தக் காலத்தில் கன்சோலில் இந்த அளவுக்குக் கவசம் கண்ணுக்கு விருந்தாக இருந்த கேம்கள் அதிகம் இல்லை. சாம்பியன், பெர்செர்கர், டிஃபெண்டர், கமாண்டோ, பயோ இன்ஜினியர் என்று ஐந்து கிளாஸ், உச்ச லெவல் 50. ஆனால் நீங்கள் லெவல் ஏறும்போது எதிரிகளும் கூடவே ஏறுகிறார்கள். புதுக் கத்தி எடுத்து மாட்டினால் பழைய கோப்ளின் அதே நாலு அடியில்தான் விழுகிறான். திறன் மரத்திலும் இத்தனை சதவீதம் அதிகம், அத்தனை சதவீதம் அதிகம் என்ற வகைதான் பெரும்பாலும். சண்டை கைக்கு வராதபோது, பரவாயில்லை, வலு ஏறினால் சமாளிக்கலாம் என்ற ஆறுதலாவது இந்த வகை கேம்களில் இருக்கும். டூ ஹ்யூமன் அந்த வழியையும் அடைத்துவிட்டது. எனக்கு மிக வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் கவசங்களைச் செய்தவர்கள் போட்ட உழைப்பு கண்ணில் தெரிகிறது, சண்டையில் தெரிவதே இல்லை.

கதையைப் பற்றி அதிகம் வேண்டாம். ஹால் ஆஃப் ஹோட், பனிக்காடு, உலகப் பாம்பு, ஹெல்ஹைம் என்று நான்கு பெரிய களங்கள், நடுநடுவே ஏசிர் நகரம். மூன்று பாகங்களுக்கு எழுதிய கதையின் முதல் பங்கு மட்டும் என்பதால் சூடு பிடிக்கும் இடத்தில் நின்றுவிடும். அடுத்த பாகங்கள் வரவில்லை, வரப்போவதும் இல்லை. 2012 மே மாதம், நான் மேலே சொன்ன வழக்கில் நடுவர் குழு எபிக் பக்கம் தீர்ப்புச் சொல்லி 44.5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது, செலவெல்லாம் சேர்ந்து அது பிறகு 90 லட்சத்தைத் தாண்டியது. அதே ஆண்டு நவம்பரில் விற்காமல் இருக்கும் பிரதிகளை அழித்துவிட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. 2014-இல் நிறுவனம் திவாலானது. 2019 ஜூனில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் ஓடும்படி செய்து இலவசமாகத் தந்ததால்தான் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. கணினிக்கு இது வந்ததே இல்லை, அதனால் ஆர்வலர்கள் கேமராவைத் திருத்தி ஒரு மாட் (ரசிகர்கள் செய்யும் திருத்தம்) போடுவார்கள் என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை.

வலது ஸ்டிக் யோசனையே தப்பா என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் 2013-இல் கிடைத்தது. டியாப்லோ 3 அந்த ஆண்டு பிளேஸ்டேஷன் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் வந்தது. கேமரா மேலே, ஒரே கோணத்தில், சுற்றாது. இடது ஸ்டிக் நடக்க, பட்டன்கள் அடிக்க, வலது ஸ்டிக் எந்தத் திசையிலும் உருண்டு தப்பிக்க. கேமராவை முழுக்க நிறுத்திவிட்டதால் வலது ஸ்டிக் உண்மையிலேயே சும்மா இருந்தது, அதற்கு ஒரே ஒரு வேலை கொடுத்தார்கள். மவுஸ் கேம் என்று எல்லாரும் நம்பிய ஒன்று கன்ட்ரோலரில் அவ்வளவு இயல்பாக ஓடியது. டூ ஹ்யூமன் கேமராவை மேலே ஏற்றி நிறுத்தியிருந்தால், குறி வைப்பதை மட்டும் ஒரு தனிப் பட்டனுக்கு மாற்றியிருந்தால், அதே ஸ்டிக், அதே வழுக்கல், அதே அந்தர அடி எல்லாம் இன்று பலரும் பின்பற்றும் முறையாக இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். ஆனால் அப்படிச் செய்திருந்தால் பிரம்மாண்டமான மண்டபங்களைத் தாழ்வான கோணத்தில் காட்டும் அந்தச் சினிமாத்தனம் போயிருக்கும். அதை விட அவர்களுக்கு மனம் வரவில்லை.

தொடர்ந்து ஆடலாமா என்பதற்கு வருகிறேன். கதைக்காக என்றால் வேண்டாம், முடிவு இல்லாத கதை. கவசம் சேர்க்கப் பிடிக்கும் என்றால் முதல் களத்தைத் தாண்டிப் பாருங்கள், ஆனால் சில விஷயங்களை மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்டிக்கைச் சுண்டுவதை நிறுத்துங்கள். எதிரி பக்கம் சாய்த்து அப்படியே பிடித்துக்கொண்டால் பால்டர் தானே தொடர்ந்து அடிப்பான், கேமரா சுற்றினால் விரலை எடுத்துவிட்டு ஒரு கணம் பார்த்துவிட்டு மறுபடி சாயுங்கள். இருக்கும் கேமராக் கோணங்களில் எது மிக உயரமாகவும் தூரமாகவும் நிற்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள், இந்த ஒரு மாற்றமே பாதி எரிச்சலைக் குறைக்கும். அறைக்குள் நுழைந்ததும் உள்ளே ஓடாதீர்கள், வாசலிலேயே நின்று நிறம் பூசியவர்களைச் சுட்டுத் தீர்த்துவிட்டு, மீதிப் பேர் உங்களிடம் வரட்டும் என்று விடுங்கள். முதுகுப் பக்கம் சுவர் இருந்தால் எதிரிகள் ஒரே பக்கத்திலிருந்துதான் வருவார்கள், கேமராவுக்கும் சுற்ற அதிகம் காரணம் இருக்காது. மலிவான கவசங்களைத் தானாகவே உடைத்துக் காசாக்கும் வசதி மெனுவில் இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் சண்டைக்கு நடுவே பையைத் திறந்து அடுக்கும் வேலை குறையும்.

எந்தக் கிளாஸில் ஆடுகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. கமாண்டோ என்றால் உடனே விட்டுவிடுங்கள், துப்பாக்கியை நம்பி வாழும் கிளாஸ் அது, இந்தக் கேமின் மிகப் பலவீனமான பகுதியும் துப்பாக்கிதான். பெர்செர்கர் வேகமாக வெட்டுவான், ஆனால் சீக்கிரம் விழுவான், வால்கிரியைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். பயோ இன்ஜினியரை எடுத்துப் புதிதாகத் தொடங்குங்கள். அடி கொஞ்சம் மந்தம்தான், ஆனாலும் உயிரைத் தானே ஏற்றிக்கொள்வதால் கேமரா செய்த தவறுக்கு நீங்கள் சாக வேண்டிய நேரங்கள் கணிசமாகக் குறையும். பனிக்காடு வரைக்கும் அப்படிப் போய்ப் பாருங்கள். அங்கேயும் கை சலித்தால் நிறுத்திவிடலாம், அதற்குப் பிறகு வரும் களங்களில் சண்டை புதிதாக எதையும் காட்டப்போவதில்லை.